டேபிள் சா வாங்கும் முன் பிளேடுக்குப் பின்னால் பாருங்கள்



போன வாரம் பேத்திக்காகச் செய்த படிப்பு மேசையின் படத்தைப் போட்டிருந்தேன். அன்று முதல் உள்பெட்டி நிறைய ஒரே கேள்விதான். "சார், இதை எதுல அறுத்தீங்க? என்ன மெஷின் வாங்கலாம்?" சென்னையில் இருக்கும் என் தங்கை மகன் போன் போட்டே கேட்டுவிட்டான். "மாமா, நானும் மொட்டை மாடியில சின்னதா ஒரு பட்டறை போடலாம்னு இருக்கேன். பதினஞ்சாயிரத்துக்குள்ள நல்ல டேபிள் சா ஒண்ணு சொல்லுங்க. எத்தனை ஹெச்.பி. பாக்கணும்?"

அவனுக்கு மட்டும் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் இதை மட்டும் விழித்திருந்து படியுங்கள். இது மதிப்பெண் விஷயமில்லை, விரல் விஷயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெச்.பி. என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி இதுதான்: பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கிறதா? ரைவிங் நைஃப் என்று அதற்குப் பெயர். பிளேடின் பின்புற வளைவை ஒட்டி, அதே நேர்க்கோட்டில் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு. அது இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது உள்ள மெஷினுக்குப் பணம் போதவில்லை என்றால் டேபிள் சா இல்லாமலே மர வேலை செய்யுங்கள். அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வயிற்றில் அடி வாங்கித் தெரிந்துகொண்டேன்.

ஓய்வு பெற்ற புதிதில், பக்கத்து ஊர் லேத் பட்டறை ஒன்றில் செய்து வைத்திருந்த டேபிள் சா ஒன்றை வாங்கினேன். ஆங்கிள் இரும்பில் ஸ்டாண்டு, மேலே இரும்புத் தகடு, கீழே 2 ஹெச்.பி. மோட்டார், பெல்ட், 10 அங்குல பிளேடு. ஃபென்ஸ் என்று ஓர் இரும்புச் சட்டம். இரண்டு பக்கமும் போல்ட்டைத் திருகி நிறுத்த வேண்டும். பிளேடின் மேல் மூடி கிடையாது, பின்னால் தகடும் கிடையாது. "மோட்டார் நல்ல மோட்டார் சார், இரும்பையே அறுக்கும்" என்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

மூன்றாவது வாரம், பழைய தேக்குச் சட்டம் ஒன்றை ரீப்பராகக் கிழித்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி அறுத்திருப்பேன். திடீரென்று ஒரு சத்தம். அடுத்த நொடி நான் சுவரோடு சாய்ந்து நிற்கிறேன், விலாவுக்குக் கீழே தீப்பிடித்த மாதிரி எரிகிறது. இரண்டடி நீளத் தேக்குத் துண்டு என்னை அடித்துவிட்டுப் பின்னால் கிடக்கிறது. சட்டையைத் தூக்கிப் பார்த்த என் துணைவியார் ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். கறுத்த தழும்பு மறைய மூன்று வாரம் ஆனது. அன்று என் இடது கை பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது.

முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். வட்ட இயக்கத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன்! ஆனால் மெஷின் வாங்கும்போது ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது போடுவோம்.

10 அங்குல பிளேடு என்றால் 254 மி.மீ. விட்டம். சுற்றளவு ஏறத்தாழ 0.8 மீட்டர். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் பல்லின் வேகம் நொடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். நம் மேசைமீது ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலைவிட வேகமாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். நம் பக்கம் இருக்கும் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு அழுத்தி வெட்டும், அதனால் பயமில்லை. பின்பக்கம் இருக்கும் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. மரத்துக்குள் இயல்பாகவே ஓர் இறுக்கம் உண்டு. நீளவாக்கில் கிழித்ததும் இரண்டு பாதியும் சில நேரம் விலகும், சில நேரம் ஒன்றையொன்று நெருக்கும். நெருக்கினால் பின்பக்கப் பற்களைக் கவ்விக்கொள்ளும். ஃபென்ஸ் கோணலாக இருந்து மரத்தைப் பிளேடின் மேல் தள்ளினாலும் அதே கதைதான். கவ்வப்பட்ட மரத்தை அந்தப் பற்கள் தூக்கி, பிளேடின் தலைக்கு மேலாக நம்மை நோக்கி வீசும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். மரம் பறப்பது பாதி ஆபத்து. மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை, மரம் போனதும் பிடி இழந்து பிளேடின் மேல் போய் விழுவது மீதி ஆபத்து.

ரைவிங் நைஃப் செய்வது ஒரே வேலைதான். அறுத்த பிளவுக்குள் நின்றுகொண்டு, இரண்டு பாதியும் பின்பக்கப் பற்களை நெருங்க விடாமல் பார்த்துக்கொள்ளும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, வெறும் தகடு. பிளேடை ஏற்றினால் அதுவும் ஏறும், இறக்கினால் அதுவும் இறங்கும். பிளேடின் பற்களிலிருந்து 8 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். தகட்டின் தடிமன் பிளேடின் உடம்பைவிட அதிகமாகவும், பற்கள் போடும் வெட்டின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவன். இயற்பியலில் பாஸ் மார்க்கை ஒட்டி ஒட்டி வந்தவன். இன்று எங்கள் பகுதியில் நல்ல பெயர் எடுத்த தச்சர். நான் அடிபட்டதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தான். காபி டம்ளரை இடது கையால் வாங்கினான். நான் கவனிக்கவில்லை. நேராக மெஷின் பக்கம் போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"சார், இதுக்குப் பின்னால தகடு ஒண்ணு நிக்கணும்லா? எங்க அது?"

"அப்படி ஒண்ணும் தரலியேப்பா" என்றேன்.

அப்போதுதான் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. பிளைவுட் பலகையில் துளை போட்டு, கட்டரைத் தலைகீழாக மாட்டி மேசையாக்கி வேலை செய்திருக்கிறான். கட்டடம் கட்டுகிற இடங்களில் இப்படிச் செய்வதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூடி, தகடு எதுவும் கிடையாது. சுவிட்சை ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். "வேகமா முடிக்கிறவனுக்குத்தான் சார் வேலை. அன்னைக்குச் சாயங்காலம் கதவு மாட்டிக் குடுக்கணும்னு நின்னாங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த மாதிரி மேசைக்கும் ஒரு கணக்கு போட்டுவிடுங்கள். 110 மி.மீ. பிளேடு போடும் மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 13,000 சுற்று வரை சுற்றும். பல்லின் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர். பெரிய டேபிள் சாவைவிட இதுதான் வேகம். "சின்ன மெஷின்தானே" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இதற்கு மூன்று பதில்கள் வரும் என்று எனக்குத் தெரியும். நானே அவற்றைச் சொன்னவன்தான்.

முதல் பதில்: "எங்க ஆசாரி முப்பது வருஷமா இப்படித்தான் அறுக்கிறார், ஒண்ணும் ஆகல." ஆகாதவரைதான் அவர் அந்தக் கணக்கில் இருப்பார். விரல் போனவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார், நம் கண்ணில் படுவதில்லை. தவிர, நாள் முழுக்க அதே வேலை செய்பவரின் கைப்பழக்கம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுக்கிற நமக்கு வராது.

இரண்டாவது பதில்: "அந்தத் தகடும் மூடியும் வேலைக்கு இடைஞ்சல்." பழைய மாதிரி மெஷின்களில் இது ஓரளவு உண்மை. ஸ்ப்ளிட்டர் என்ற நிலையான தகடு பிளேடைவிட உயரமாக நிற்கும். காடி எடுக்கும்போது கழற்ற வேண்டும். கழற்றியவர் திரும்ப மாட்டமாட்டார். ரைவிங் நைஃப் பிளேடின் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே நிற்பதால், மூடியைக் கழற்றினாலும் இதைக் கழற்றத் தேவையில்லை. இடைஞ்சல் என்ற சாக்குக்கு இங்கே இடமில்லை.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் சொல்வது: "சார், விரல் பட்டதும் நின்னுடுற மெஷினே வந்தாச்சே." ஆமாம், சாஸ்டாப். 1999இல் ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், தொழிலால் காப்புரிமை வழக்கறிஞர். பிளேடில் சிறு மின் சைகை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மரம் பட்டால் அது பெரிதாக மாறாது. ஈரமும் உப்பும் உள்ள மனித உடம்பு பட்டால் மாறிவிடும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்வும். ஏறத்தாழ 5 மில்லி நொடியில் பிளேடு நின்றுவிடும். 4,000 சுற்று வேகத்தில் அந்த நேரத்தில் பிளேடு முழு வேகத்தோடு போயிருந்தாலே மூன்றில் ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும். விரலுக்குப் பதில் சாசேஜை வைத்துச் செய்துகாட்டும் காணொளியைப் பாருங்கள், அருமையான இயற்பியல் பாடம். ஒரு முறை வேலை செய்தால் அந்தக் கட்டையும் பிளேடும் போய்விடும். விரலோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவா? வசதி உள்ளவர்கள் வாங்குங்கள். ஆனால் அது கிக்பேக்கைத் தடுக்காது. அதனால்தான் அந்த மெஷினிலும் ரைவிங் நைஃப் இருக்கிறது. எனவே வரிசை மாறவில்லை: முதலில் தகடு, மற்றது பிறகு.

சரி, கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? என் பட்டியல் இது.

1. ரைவிங் நைஃப். பிளேடை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். தகடும் கூடவே ஏறி இறங்க வேண்டும். பிறகு புது பிளேடு வாங்கும்போது தகட்டில் அச்சிட்டிருக்கும் தடிமனைப் பார்த்துப் பொருத்தமானதாக வாங்குங்கள். தகட்டைவிட மெல்லிய வெட்டுப் போடும் பிளேடை மாட்டினால் மரம் தகட்டில் முட்டி நின்றுவிடும்.

2. மூடி. பிளேடின் மேல் வரும் கார்டு. கருவி இல்லாமல் சுலபமாக மாட்டிக் கழற்ற முடிந்தால்தான் தினமும் மாட்டுவோம். நம் சோம்பேறித்தனத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

3. ஃபென்ஸ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போடுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது ஃபென்ஸுக்கு உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளங்கள். பின்னால் தூரம் குறைந்தால் அந்த ஃபென்ஸ் மரத்தைப் பிளேடில் நெருக்கும். சரிசெய்ய முடியுமா, நகர்த்திப் பூட்டியபின் அப்படியே நிற்கிறதா என்று நாலைந்து முறை பாருங்கள்.

4. சுவிட்ச். நம் ஊருக்கு இது மிக முக்கியம். அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. நாம் மரத்தை எடுக்கக் கையை உள்ளே விடுகிறோம். கரண்ட் வருகிறது. சாதாரண சுவிட்ச் என்றால் பிளேடு தானாகவே சுற்றத் தொடங்கும். கரண்ட் போனால் தானே அணைந்து, நாம் மறுபடி அழுத்தினால் மட்டும் ஓடும் சுவிட்ச் வேண்டும். நிறுத்தும் பொத்தான் பெரியதாக, முழங்காலால் தட்டினாலும் அணைவதாக இருந்தால் இன்னும் நல்லது.

5. கடைசியாக மோட்டார். வீட்டு வேலைக்கு 1,500 முதல் 2,000 வாட் போதும். 1,800 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர். கிளம்பும்போது இன்னும் அதிகம் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், தடித்த வயர் வேண்டும். மின்விசிறிக்குப் போடும் நீள ஒயரில் மாட்டாதீர்கள்.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். எட்டடி பிளைவுட்டைக் கிழிக்க, பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். கார் நிறுத்துமிடம் போதும் என்று நினைப்பவர்கள் டேப்பை எடுத்துப் பாருங்கள்.

வாங்கிவிட்டவர்களுக்குச் சில வார்த்தைகள். துண்டு, வேட்டி, தொங்கும் சட்டைக்கை, கையில் கயிறு, கையுறை எதுவும் ஆகாது. கையுறை பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், அதன் நூலைப் பிடித்துப் பிளேடு கையையே இழுத்துவிடும். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். கடைசி ஒரு சாண் வரும்போது கையை எடுத்துவிட்டுத் தள்ளு கட்டையைப் பயன்படுத்துங்கள். பழைய நிலை, உத்தரம் அறுக்கும் முன் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பாருங்கள். கண்ணாடியும் முகமூடியும் போடுங்கள். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது.

பணம் போதாதவர்களுக்கு வழி சொல்கிறேன் என்றேன் அல்லவா? நீளவாக்கில் கிழிப்பதை மரவாடியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய கஷ்டமே இல்லை. அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கிழித்துத் தருவார்கள். பிளைவுட்டைத் தரையில் தெர்மாகோல் மேல் படுக்க வைத்து, நேரான சட்டம் ஒன்றைப் பிடித்துக் கட்டி, மூடியுள்ள கைச் சுற்று ரம்பத்தால் அறுக்கலாம். மற்றதற்கு நல்ல கை ரம்பமும் இழைப்புளியும் போதும். உண்மையைச் சொன்னால், வருடத்துக்கு இரண்டு மூன்று சாமான் செய்கிற உங்களில் பெரும்பாலோருக்கு டேபிள் சாவே தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல தேக்கு வாங்கலாம்.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் கான்ட்ராக்டர்கள் இருக்கிறீர்கள், சிவில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் உறவினர்கள் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் தலைகீழ்க் கட்டரில் ஒருவர் அறுத்துக்கொண்டிருந்தால், "பார்த்துச் செய்யப்பா" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். கிரானைட்டுக்கும் கைப்பிடிக் கிரில்லுக்கும் செலவழிக்கிற நாம், தகடுள்ள ஒரு மெஷினை வாடகைக்காவது எடுத்துக் கொடுக்கலாம். சாயங்காலத்துக்குள் கதவு மாட்டித்தான் ஆக வேண்டும் என்று நிற்காமல் இருக்கலாம். அந்தக் கதவு மறுநாள் மாட்டினாலும் கதவுதான்.

என் பழைய மெஷின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதில் தகடு பொருத்த முடியுமா என்று என் மாணவனும் நானும் பார்த்தோம். பிளேடு ஏறி இறங்கும் அமைப்பே அதில் சரியாக இல்லை. ஒருவர் ஆறாயிரத்துக்குக் கேட்டு வந்தார். கொடுக்க மனசு வரவில்லை. என்னைவிட்டுப் போனால் அது இன்னொருவர் கைக்கு முன்னால்தான் போய் நிற்கும். பிரித்துப்போட்டேன். இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போனது. மோட்டாரில் சாணைக்கல் மாட்டி உளி தீட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடம் பொறுத்து, தகடும் சரியான சுவிட்சும் உள்ள மெஷின் வாங்கினேன். நீளப் பலகை கிழிக்க வேண்டியிருந்தால் என் மாணவன் இப்போது என் வீட்டுக்கு வந்துவிடுவான். அறுக்கும்போது நான் பேச்சுக் கொடுப்பதில்லை. அதுவும் அவன் போட்ட விதிதான்.

மருமகனே, உனக்கு என் பதில்: பதினைந்தாயிரத்துக்கு நான் சொல்கிற மெஷின் கிடைக்காது. பொறுத்திருந்து வாங்கு. அதுவரை பலகையை மரவாடியில் கிழித்துக்கொள். அவசரம் என்றால் இங்கே எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து அறுப்போம். அத்தை மீன் குழம்பு வைப்பாள்.

மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்கள் இன்றே போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்